பல் வெள்ளை

"என் வீட்டை எவனோ அழகாக்கிட்டிருக்கான்!"

டிரைவிங் ஸ்கூல்காரர் இப்படிக் கத்தியதும் ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து இருமுவதுபோல் சமாளித்தாள்.

ரேடியோ என்பது அவளுடைய பெயரல்ல. பல வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டியவள். வாய் ஓய்ந்த நேரம் கிடையாது. அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட துப்பறிவாளர் அன்றைக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார். அவரை மட்டும் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இடிந்த சுவரையும் எரிந்த கடையையும் அளந்து பார்க்கிற வேலையில் இருந்தவர் என்பதால், ஊருக்கே அவர் சர்வேயர்தான்.

"ஏன் சார், இதைப் போலீஸ்ல சொல்லலாமே?" என்றாள் ரேடியோ.

"சொன்னேனே! சிரிக்கிறாங்க. 'அந்த ஆளைப் பிடிச்சா அப்படியே எங்க ஸ்டேஷனுக்கும் அனுப்பி வைங்க, சுண்ணாம்பு அடிச்சு ரொம்ப நாளாச்சு'ங்கறான் அந்த இன்ஸ்பெக்டர். உங்களுக்கும் சிரிப்பா இருக்கா?"

"ஐயோ, இல்ல சார். தொண்டைல தூசி."

தூசிக்குப் பஞ்சமில்லாத வாசல்தான் அது. கதவில்லாத பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று மல்லாந்து கிடந்தது. தேய்ந்த டயர்கள் இடுப்புயரத்துக்குக் குவிந்திருந்தன. சக்கரம் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. இத்தனை அசிங்கத்துக்கு நடுவில், அசிங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், கேட் மட்டும் துருவெல்லாம் தேய்க்கப்பட்டுப் புதுக் கறுப்பு பெயின்ட்டில் பளபளத்தது. நடைபாதைக் கற்களுக்கிடையில் ஒரு புல் பூண்டு இல்லை. முன்சுவரில் இருந்த ஈரக்கறை பாதி காணாமல் போயிருந்தது.

"கொஞ்சம் கொஞ்சமா பண்றான் சார். முதல்ல எனக்கே தெரியல. ஒரு நாள் பார்த்தா படியில பாசி இல்ல. இன்னொரு நாள் ஜன்னலுக்கு மேல இருந்த விரிசல் இல்ல. நான் கிளாஸ் எடுக்கப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கு."

சர்வேயர் சுவரோடு சுவராக ஒட்டி நின்று விரலால் தடவினார். "பழைய சுவர் எது, புதுசா பூசினது எதுன்னு கண்ணுக்கே தெரியல. நிறம் அப்படியே சேர்ந்துபோச்சு. அடைச்சிருக்கிறது சிமென்ட் இல்ல, பட்டி இல்ல. நகம் பட்டா வழுக்குது."

ரேடியோவும் எட்டிப் பார்த்தாள். விரிசல் இருந்த இடம் மழமழவென்று, ஏதோ சின்னக் கரண்டியால் இழைத்ததுபோல் இருந்தது.

"சொத்தைப் பல்லை அடைச்ச மாதிரி இருக்கு சார். சுவருக்கு வலிச்சிருக்கும் பாவம்."

சர்வேயர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தால், அவள் ஏதோ உருப்படியாகச் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். அது என்ன என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம்?" என்று கேட்டார் சர்வேயர்.

"சந்தேகப்படறதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்? அந்த ஆள் எங்க இருக்கான், எங்க வேலை செய்யறான், அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்." அவர் முஷ்டியை மடக்கி, உள்ளங்கையில் ஒரு குத்து விட்டுக்கொண்டார். வேலை தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம்போலும். வாசலில் நின்ற எல் போர்டு காரில் ஏறி, ஹாரனை அலறவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

"சிடுமூஞ்சி," என்று காரைப் பார்த்துச் சொன்னாள் ரேடியோ. "இவர்கிட்ட வண்டி கத்துக்கிறவங்க பிரேக்கை விட கண்ணீரைத்தான் அதிகமா விடுவாங்க."

பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம் என்று போனார்கள். அந்த வீட்டம்மாள் வாசல் கழுவிக்கொண்டிருந்தாள். ரேடியோ சிரித்த முகமாக "ஏம்மா" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், வாளியிலிருந்த அழுக்குத் தண்ணீர் மொத்தமும் அவள் காலடியில் வந்து விழுந்தது.

"பார்த்தும்மா! செருப்பு புதுசு!"

"காலை எடுத்துக்கிட்டுப் போயிருந்தா நனைஞ்சிருக்காது. அந்தாளுக்கு வேலை பார்க்கத்தானே வந்திருக்கீங்க? இப்பதானே வாசல்ல கொஞ்சிட்டு நின்னீங்க?"

"கொஞ்சினோமா! அம்மா, அவர் வீட்டு வாசலை யாரோ..."

"அவர் வீடு!" அந்தம்மாள் காறித் துப்பாத குறை. "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் எதையும் பார்க்கல. எனக்குக் கண்ணே தெரியாது. போதுமா?"

கதவு படாரென்று சாத்தப்பட்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் இவர்கள் நிமிர்ந்ததும் ஜன்னலை மூடினார். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர்கூட, தான் சும்மா நிற்பதை மறைக்காமலேயே, "வேலை இருக்குங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரேடியோவுக்கு மனசு சுண்டிப்போயிற்று. எந்தத் தெருவிலும் ஐந்து நிமிஷத்தில் யாரிடமாவது ஒட்டிக்கொண்டுவிடுகிறவள் அவள். "என்ன சார் இது? தெரு முழுக்க ஒரே குடும்பம் மாதிரி நம்மள முறைக்குது. அந்தாளைப் பிடிக்கலன்னா அந்தாளை முறைக்கட்டுமே?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றார் சர்வேயர். "வா, பெயின்ட் கடைக்குப் போவோம். அவ்வளவு சரியா நிறம் சேரணும்னா யாராவது கலந்து கொடுத்திருக்கணும். இந்தப் பக்கம் கலக்கிற மெஷின் வச்சிருக்கிற கடை ஒண்ணுதான்."

பெயின்ட் கடைக்காரருக்கும் அன்றைக்கு நேரம் சரியில்லை. யாரோ ஊதா கேட்டு நீலம் வாங்கிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள்.

"வெள்ளையா? தினம் நூறு பேருக்கு வெள்ளை கொடுக்கிறேன். யாருன்னு எனக்கென்ன தெரியும்?"

"வெறும் வெள்ளை இல்லைங்க. வெயில்ல பழுத்த வெள்ளை. லேசா மஞ்சள், அதுல துளி சாம்பல்," என்றார் சர்வேயர்.

கடைக்காரர் கையிலிருந்த குச்சியை டப்பாவுக்குள் எறிந்தார். "அந்த அம்மாவா! கேக்காதீங்க. கலக்கிக் கலக்கி என் கை வீங்கிடுச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன டப்பாதான் வாங்குவாங்க. அதுக்குத் தலையை ஆட்டி ஆட்டி, 'இன்னும் ஒரு சொட்டு மஞ்சள், இல்ல இல்ல, சாம்பல்'னு உயிரை எடுப்பாங்க. கடைசியில பையிலேருந்து ஒண்ணை எடுத்தாங்க பாருங்க..." அவர் குரலைத் தாழ்த்தினார். "வரிசையா பல்லு! மனுஷப் பல்லு! ஒரு பட்டையில தொங்குது. ஒவ்வொண்ணா பெயின்ட் பக்கத்துல வச்சுப் பார்க்கறாங்க. சீக்கிரம் போனாப் போதும்னு கொடுத்தனுப்பினேன்."

வெளியே வந்ததும் ரேடியோ தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "சார்! நான் சும்மா சொன்னேன், சொத்தைப் பல்லுன்னு!"

"சும்மா சொன்னாலும் சரியாத்தான் சொல்லியிருக்கே. பொய்ப்பல் செய்யற இடத்துல நிறம் பார்க்க அப்படி ஒரு சரம் வச்சிருப்பாங்க. எத்தனை பேர் வாய்க்கு எத்தனை வெள்ளை! அதுல ஒண்ணை இந்தச் சுவர்ல வச்சு ஒப்பிட்டுப் பார்த்துட்டு, அதே நிறத்தை இங்க வந்து கலக்கச் சொல்லியிருக்காங்க. விரிசலை அடைச்சது பல் அச்சு எடுக்கிற மாவா இருக்கும். இங்கேருந்து நடந்து போற தூரத்துல பல் லேப் எதாவது இருக்கா?"

"மார்க்கெட் வீதியில ஒண்ணு இருக்கு சார். மாடியில. என் அத்தையோட பல் செட் அங்கதான் செஞ்சோம். சிரிச்சா குதிரை மாதிரி இருக்கும், அது அவங்க தப்பில்ல, அத்தை முன்னாடியும் அப்படித்தான்."

சர்வேயர் வண்டியை எடுத்து வரப் போனார். அந்தச் சின்ன இடைவெளியில் ரேடியோவுக்கு நாக்கு நமநமத்தது. வாடிக்கையாளருக்கு அவ்வப்போது சேதி சொல்வது நல்ல பழக்கம் என்று அவளுக்கு ஓர் எண்ணம். டிரைவிங் ஸ்கூல்காரருக்கு போன் போட்டாள். சேதி சொன்னாள். வைத்தாள். ஏதோ நெருடியது. வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டாள்.

லேப் என்பது ஒரே ஒரு நீளமான அறை. குறுகலான படி ஏறிப் போக வேண்டும். மேஜை முழுக்க மாவு அச்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. மெழுகு உருகும் வாசனை. ஜன்னலோரம் ஒரு பெண், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, சின்ன மெஷினில் ஒரு பல் செட்டை இழைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் நகங்களில் கறுப்பு பெயின்ட் இருந்தது. கேட்டின் கறுப்பு.

"உங்ககிட்ட ஒரு வீட்டு வாசலைப் பத்திப் பேசணும்," என்றார் சர்வேயர்.

மெஷின் நின்றது. அந்தப் பெண் முகத்துணியை இறக்கினாள். வயது நாற்பது இருக்கும். அவள் முகத்தில் திருடி அகப்பட்டுக்கொண்ட களை இல்லை. அதைவிட மோசமான ஏதோ ஒன்று இருந்தது.

"அவர் அனுப்பினாரா?"

"யாரு?"

"என் புருஷன்." அவள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். "நான் இங்க வேலை செய்யறேன்னு அவருக்குத் தெரியாது. சொல்லிட்டீங்களா? சொல்லுங்க, சொல்லிட்டீங்களா?"

லேப் முதலாளி, ஆஜானுபாகுவான ஆள், கையிலிருந்த அச்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "யார்றா நீங்க? வெளிய போங்க முதல்ல."

"ஒரு நிமிஷம்," என்றார் சர்வேயர். "அம்மா, அந்த வீடு யாருடையது?"

"என்னுது. எங்கப்பா என் பேருக்கு எழுதி வச்சது. கோர்ட்டும் சொல்லியாச்சு. அவர் காலி பண்ணணும். என் பக்கத்துலயே வரக்கூடாதுன்னும் உத்தரவு இருக்கு." அவள் கழுத்தருகே ஒரு பழைய தழும்பு இருந்தது. அதைத் தொடாமலேயே அவள் பேசியது ரேடியோவுக்கு என்னவோ போலிருந்தது. "காலி பண்ணாம இழுத்தடிக்கிறார். வித்துட்டுக் கண்காணாம போயிடலாம்னு பார்த்தா, வாங்க வர்றவங்க கார்லேருந்து இறங்கறதே இல்ல. வாசல்ல குப்பையைக் கொண்டுவந்து கொட்டறதே அதுக்குத்தானே. முன்னாடி பார்க்க வீடு மாதிரி இருந்தாத்தானே ஒருத்தர் இறங்குவாங்க? அவர் கிளாஸ் எடுக்கப் போற நேரத்துல பக்கத்து வீட்டக்கா போன் பண்ணுவாங்க. போய் ஒரு கை அளவு பெயின்ட் அடிப்பேன். அவர் கண்ணுக்குத் தெரியாத அளவு. என் வீட்டுக்கு நானே திருடி மாதிரி..."

அழுக்குத் தண்ணீர் ஏன் காலில் விழுந்தது என்று ரேடியோவுக்கு இப்போது விளங்கியது.

சர்வேயர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "ரேடியோ. அந்தாளுக்குப் போன் பண்ணினியா?"

அவள் தலையாட்டினாள்.

"என்ன சொன்னே, அவர் என்ன சொன்னார்? அப்படியே சொல்லு."

எக்ஸ்சேஞ்ச் காலத்துப் பழக்கம். கேட்டதை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வாள். "'சார், ஆளை நெருங்கிட்டோம். மார்க்கெட் வீதி பல் லேப்ல வேலை செய்யற ஆள் மாதிரி தெரியுது'ன்னேன். அவர், 'அப்படியா? இப்ப அங்க இருக்காளா?'ன்னு..."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. ஆள் என்றுதான் சொன்னாள். ஆணா பெண்ணா என்று சொல்லவேயில்லை. காலையிலிருந்து எவன், அவன் என்று கத்தியவர், லேப் என்றதும் எடுத்த எடுப்பில் 'இருக்காளா' என்று கேட்டிருக்கிறார்.

"யாருன்னு அவருக்கு முதல்லயே தெரியும்," என்றார் சர்வேயர். "வாசல்லயே கவனிச்சிருக்கணும். யாருன்னு ஒரு தடவைகூட அவர் நம்மளைக் கேக்கல. எங்கன்னுதான் கேட்டார். பெயின்ட் அடிச்ச ஆளைத் தேட இல்ல நம்மளை வச்சது. ஓடி ஒளிஞ்சிருக்கிற பெண்டாட்டியைத் தேட."

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்த முதலாளி, "ஒரு எல் போர்டு கார் நடு ரோட்டுல நிக்குது," என்றார்.

போலீஸைக் கூப்பிட, சர்வேயர் போனை எடுத்துக்கொண்டு அறையின் கோடிக்குப் போனார். அந்தப் பெண் பின்பக்கக் கதவைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். "எத்தனை இடம் மாறிட்டேன். இனி எங்க போறது?"

ரேடியோ படிக்கு ஓடினாள். யாரும் சொல்லவில்லை. படி குறுகல், ஒருவர் நின்றால் மற்றவர் போக முடியாது. அவள் நின்றாள்.

டிரைவிங் ஸ்கூல்காரர் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். "வேலை முடிஞ்சுதில்ல? நகரு."

"சார், மேல தரை ஈரம். வழுக்கும்."

"நகருடி."

"பல்லுக்கு அளவு கொடுக்கணும்னா முன்கூட்டியே சொல்லி வைக்கணுமாம் சார். உங்களுக்கு அவசரம்னா சொல்லுங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்பட்டாலும் படும்."

அவர் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். முழங்கை சுவரில் உரசித் தோல் பிய்ந்தது. அவள் படியில் உட்கார்ந்தவாக்கில் விழுந்தாள். தாண்டிப் போகப் பார்த்தவரின் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவர் உதறினார். உதைத்தார். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், பிறகு அதைவிடக் கெட்ட வார்த்தை. ரேடியோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் வாழ்நாளில் கத்தாத கத்து கத்தினாள். மார்க்கெட் வீதி மொத்தமும் காய்கறிக் கூடையோடும் சாக்குப் பையோடும் படியடியில் வந்து நின்றது.

லேப் முதலாளி மேலிருந்து இறங்கி வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவ்வளவுதான், ஆள் அடங்கிவிட்டார். போலீஸ் ஜீப் வரும்வரை படியில் உட்கார்ந்தபடியே, "நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சுண்ணாம்பு ஜோக் அடித்த இன்ஸ்பெக்டரேதான் வந்தார். இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கோர்ட் உத்தரவைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் அந்தப் பெண். எந்நேரமும் அதைக் கூடவே வைத்திருப்பாள்போல. மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"சும்மா வந்தீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

காரின் டிரைவர் சீட்டிலிருந்து நடுங்கிக்கொண்டே ஓர் அம்மாள் இறங்கினாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள். "சும்மா இல்லைங்க. கிளாஸ் நடுவுல ஒரு போன் வந்துச்சு. 'இன்னைக்கு அவளைத் தொலைச்சுடறேன், மார்க்கெட் வீதிக்கு விடு'ன்னு கத்தினார். எனக்கு இன்னும் ரிவர்ஸே சரியா வராது. எப்படி ஓட்டிட்டு வந்தேன்னு எனக்கே தெரியல."

ஜீப் போன பிறகு ரேடியோ அந்தப் பெண்ணிடம் போய் நின்றாள். முழங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "மேடம், நான்தான் போன்ல... எனக்குத் தெரியாம..."

"தெரியும். நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க," என்றாள் அவள். குரலில் ஈரமே இல்லை. "காலைக் கட்டிக்கிட்டுத் தடுத்ததும் நீங்கதான். ரெண்டுக்கும் சேர்த்து என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. கையைக் கழுவுங்க முதல்ல, அங்க மருந்து இருக்கு."

ரேடியோ கழுவினாள். எரிந்தது. எரியட்டும் என்றிருந்தது.

"அம்மா," என்றார் சர்வேயர். "இன்னைக்கு அவரை விட மாட்டாங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட பேசிட்டேன். ஒரு போலீஸ்காரரைத் துணைக்கு அனுப்பறாராம். உங்க வீட்டுக்கு நீங்க போகலாம். பூட்டு மாத்திடுங்க. அவருக்கு நான் காலையில பண்ணின வேலைக்குப் பரிகாரமா, ஆசாரியை நான் கூட்டிட்டு வர்றேன்."

சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவே வாசலில் கூடியிருந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் மாடியிலிருந்து இறங்கி வந்து டயர்களை உருட்டினார். இஸ்திரிக்காரரும் போலீஸ்காரரும் ஃப்ரிட்ஜை ஆளுக்கொரு முனை தூக்கினார்கள். ஸ்கூட்டரைப் பழைய இரும்பு வாங்குகிறவர் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டம்மாள் மறுபடி வாளியோடு வந்தாள். ரேடியோ தன்னையறியாமல் ஓர் அடி பின்வாங்கினாள்.

"பயப்படாதே, நல்ல தண்ணிதான்," என்று அந்தம்மாள் சொன்னாள். ஆனால் சிரிக்கவில்லை.

குப்பை போனதும் வீடு முழுசாகத் தெரிந்தது. சின்ன வீடுதான். பழுத்த வெள்ளைச் சுவர், கறுப்பு கேட். எந்த இடத்தில் பழையது முடிந்து புதியது தொடங்குகிறது என்று பக்கத்தில் போனால்கூடத் தெரியவில்லை. ஆசாரி கதவில் புதுப்பூட்டை வைத்து முடுக்கிவிட்டுச் சாவியை நீட்டினார்.

அந்தப் பெண் சாவியை வாங்கிக்கொண்டாள். கதவு வரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்ன தங்கச்சி?" என்றாள் பக்கத்து வீட்டம்மாள். "போ. உன் வீடு. இனிமே எதுக்கு விக்கணும்? இங்கயே இரேன்."

"வேணாங்கா. விக்கத்தான் போறேன். நாளைக்கே ஆள் வரட்டும்." அவள் சுவரில் கை வைத்தாள். "வெளியில ஒவ்வொரு அங்குலமும் எனக்குத் தெரியும். உள்ள இப்ப என்ன இருக்கு, எப்படி இருக்குன்னு தெரியாது. போகக் கால் வரல."

ரேடியோ முன்னால் வந்து, கையை நீட்டினாள். அந்தப் பெண் அவளை ஒரு கணம் வெறுப்போடுதான் பார்த்தாள். பிறகு சாவியை அந்தக் கையில் வைத்தாள்.

ரேடியோ கதவைத் திறந்து, இருட்டுக்குள் போய், தட்டுத் தடுமாறி, முன்னறையின் முதல் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.